பதினாறு பெட்டியும் ஒரு பெல்ட்டும்

செஞ்சியில் கோட்டை உண்டு, பஸ் ஸ்டாண்டு உண்டு, ரயில் மட்டும் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் திண்டிவனத்துக்கு பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு, எண்பதுகளின் நடுவில், என்னைப் பெண் பார்க்க ஒரு ரயில்காரர் வந்தார். விழுப்புரத்தில் டீசல் இன்ஜினில் உதவி டிரைவர். மெட்ராசிலிருந்து விழுப்புரம் வரை மேலே கரண்டுக் கம்பி போகும். அதற்குத் தெற்கே டீசல்தான். யாரும் வற்புறுத்தாமலே இரண்டாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

என் நைனா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷின் வைத்திருந்தார். அதை ஓட்டியது ஓர் ஆயில் இன்ஜின். அந்த ஒன்றைத் தெரிந்ததால் உலகத்து இன்ஜின்கள் எல்லாம் தமக்கு அத்துப்படி என்று நினைப்பு. மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. உங்கள் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவது பெல்ட்டிலா, கியரிலா என்று கேட்டார்.

இரண்டும் இல்லை என்றார் அவர். டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும், அதில் வரும் கரண்டு கீழே இருக்கிற மோட்டார்களுக்குப் போகும், மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும். ஏன் அப்படி என்று சொல்ல வாயெடுத்தார்; அதற்குள் நைனா காபியை நீட்டிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை தாண்டியதும் நைனாவின் தீர்ப்பு வந்தது. இன்ஜினே இருக்கும்போது நடுவில் கரண்டு எதற்கு, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. ஓட்டுகிற வண்டியைப் பற்றியே புளுகுகிறவன் பெண்டாட்டியிடம் என்ன நிஜம் பேசப்போகிறான்? ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாளே தரகரிடம் சொல்லிவிடுவதாக அறிவித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

காலையில் நைனாவுக்கு முன்னால் நான் மிஷின் கொட்டகைக்குப் போனேன். அவர் எப்போதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் இன்ஜினைக் கிளப்புவார். அது நன்றாக ஓடத் தொடங்கியபின்தான் கம்பால் பெல்ட்டை மெல்லத் தள்ளி ஏற்றுவார். நான் பெல்ட்டை மாட்டிவைத்தேன். மிஷின் வாய் நிறைய மல்லாட்டையும் கொட்டிவைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி காபியோடு திரும்பி வந்தேன்.

நைனா ஹேண்டில் போட்டார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. மூன்றாம் முறை வேட்டி நனைய வியர்த்து, குனிந்து பார்த்தார்.

"எவன் இந்த பெல்ட்ட மாட்டினது? சொமையோட எந்த இன்ஜினு கெளம்பும்?"

"பதினாறு பெட்டிய மாட்டிக்கினு ரயிலு எப்டி நைனா கெளம்புது?"

ஹேண்டில் கையிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்து மாவு மில்லைப் பார்த்தார். அங்கே கரண்டு மோட்டார். சுவிட்சைத் தட்டியதும், நின்ற இடத்திலிருந்தே பெல்ட்டோடு இழுத்துக்கொண்டு ஓடும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் மூன்று வருஷமாக மோட்டாருக்குக் கரண்டு கனெக்‌ஷன் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். காபியை வாங்கி, அவசரமே இல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"பெல்ட்ட நீதான மாட்டின?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவ்ளோ புடிச்சிருக்குதா?"

"ஆமா நைனா."

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பெல்ட்டில் கை வைத்தார்.

"மொதல்ல இத கழட்டு," என்றார். "நான் விழுப்புரம் போவணும்."