நடு இருக்கையில் கூடை

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளை ‘ட்ரே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவள் அவள். ரொட்டி வைக்கிறவர், சூப் ஊற்றுகிறவர், பழம் நறுக்கி வைக்கிறவர் எல்லோரையும் தாண்டித்தான் ஒவ்வொரு தட்டும் அவளிடம் வந்து சேரும். தட்டின் ஓரத்தில் செருகியிருக்கும் அட்டையைப் படிப்பாள்: படுக்கை எண், உப்பு உண்டா இல்லையா, மென்று தின்பவரா, அரைத்துக் கொடுக்க வேண்டியவரா. அட்டையும் தட்டும் ஒத்துப்போனால் மூடியைப் போட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றுவாள். பதினோரு மணிக்குள் இருநூற்று நாற்பது தட்டுகள். அந்தச் சமையலறையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. தட்டு வாசலைத் தாண்டிய பிறகு மாடியிலிருந்து யாரும் போன் போட்டு ‘இது எங்கே, அது எங்கே’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் பிழை கடைசியில் நிற்பவளுடையது. பதினெட்டு வருஷத்தில் அவளுக்கு வந்த போன்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம்.

வீட்டில் கதை வேறு. வருஷத்துக்கு ஒருமுறை, லீவு விட்டதும், மாமனாரின் தம்பி வீட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் போவார்கள். ஓட்டுபவர் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பின்னால் நடு வரிசையில் ஒரு ஜன்னலோரம் மாமனார், மறு ஜன்னலோரம் கணவரின் அக்கா. இரண்டுக்கும் நடுவே, மடியில் ஒரு பெரிய பிரம்புக் கூடையோடு அவள். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்; அங்கிருந்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாதே. கடைசி வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டைவிட்டு நாலு தெரு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். ‘அம்மா, தண்ணி.’ ‘ஏம்மா, உப்புப் பொட்டலம் எங்க வச்ச?’ ‘இங்க பாரு, ஒரு பழம் உரிச்சுக் குடு.’ இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாலையில் போய் வருகிறாள். அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கூடையின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

போன வருஷம் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு எதிரேயிருந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மதிய ஓய்வு நேரத்தில் முக்கால் மணி நேரம். சொல்லிக்கொடுத்த பெண் வாய்த்துடுக்குக்காரி. “அக்கா, அது பிரேக்கு. கரப்பான்பூச்சி இல்ல. அந்த மிதி மிதிக்காதீங்க,” என்பாள். மூன்று மாதத்தில் லைசென்ஸ் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதைக் கணவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்தார். சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. காய்கறிக் கடைக்கு ஓட்டச் சொன்னார், பள்ளிக்கூடத்துக்கு ஓட்டச் சொன்னார்.

“அப்ப இந்தத் தடவை லீவுக்கு நான் ஓட்டட்டுமா?” என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். “நீ முன்னாடி உட்கார்ந்துட்டா பின்னாடி யாரு சாப்பாடு எடுத்துக் குடுக்கிறது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவர் கேலியாகக் கேட்டதை அவள் பரீட்சைக் கேள்வியாக எடுத்துக்கொண்டாள்.

விடை எழுத எட்டு மாதம் இருந்தது. ஆறு துணிப்பைகள் தைத்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது. முன்னிருக்கையின் தலைச்சாய்வில் மாட்டினால் உட்கார்ந்திருப்பவரின் முட்டிக்கு நேரே தொங்கும். கையை நீட்டினால் போதும், யாரையும் கூப்பிட வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையை ஆஸ்பத்திரி வரிசை மாதிரி ஆக்கினாள். ரொட்டி, அவித்த முட்டை, வெங்காயம் போட்டும் போடாமலும் வறுத்த உருளைக்கிழங்கு, கடலை, பிஸ்கட், பழம். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி வழக்கப்படி ஒரே மாதிரி வெள்ளைத் தாளில் மடித்தாள். மேலே அடையாளம் எதுவும் போடவில்லை. அதற்குத்தான் அட்டை இருக்கிறதே.

மாமனார் பையில்: ‘எட்டு மணி. ரொட்டி இரண்டு, முட்டை ஒன்று. மாத்திரை அதற்குப் பிறகு. இனிப்பு கேட்டாலும் கிடையாது.’

நாத்தனார் பையில்: ‘எதிலும் வெங்காயம் இல்லை. சத்தியமாக.’

சின்னவள் பையில்: ‘வாந்தி வந்தால் முன் பாக்கெட். வராவிட்டால் இஞ்சி மிட்டாய்.’

பெரியவள் பையில்: ‘உன் பங்கு இது. தங்கை பங்கைத் தொட்டால் எனக்குத் தெரியும்.’

கணவர் பையில்: ‘தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பார்த்தால் தெரியும்.’

ஆறாவது பைக்கு அட்டை எழுதவில்லை. அது அவளுடையது. அதை மட்டும் சாயங்காலமே கொண்டுபோய் டிரைவர் பக்கத்துக் கதவில் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்து சேர்ந்தார். பெரிய கை, எந்த வீட்டுக்குப் போனாலும் சும்மா உட்கார மாட்டார். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அடுப்பைத் துடைத்துவிட்டார். “நான் இருக்கேன்ல, நீ ஏன் தனியா அல்லாடுற?” என்றார். உதவிதான். அந்தக் குடும்பத்தில் கெடுதல் என்று எதுவும் யாரும் செய்ததில்லை. நடந்தது எல்லாம் உதவியால்தான் நடந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் குளிக்கப் போனாள். தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மேசை துடைத்து வைத்தாற்போல இருந்தது. ஐந்து துணிப்பைகளும் மடித்து நாற்காலியின் மேல். அட்டைகள் குப்பைக் கூடையில், டீத்தூளுக்கு அடியில்.

“அண்ணி, பையெல்லாம்?”

“அதுவா? அஞ்சு பை எதுக்கும்மா, தூக்குறதுக்கே அஞ்சு ஆள் வேணும். எல்லாத்தையும் நம்ம கூடையில அடுக்கிட்டேன். எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு. வண்டியில ஏத்தியாச்சு.” பெருமையாகச் சொன்னார். “சீட்டு வேற எழுதி வச்சிருக்க, ஆஸ்பத்திரியா இது?”

வாசலில் வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. நடு இருக்கையில், அவளுடைய இடத்தில், பிரம்புக் கூடை. வெள்ளைப் பொட்டலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, எது யாருடையது என்று பார்த்தால் தெரியாதபடி. எட்டு மாத வேலை கால் மணி நேரத்தில் போய்விட்டது. திரும்பப் பிரித்து அடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். மாமனார் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

“ஏறு, ஏறு. கூடையை மடியில வச்சுக்கிட்டா இடம் சரியா இருக்கும்,” என்றார் நாத்தனார்.

பழக்கம் பொல்லாதது. அவளுடைய கால் அவளைக் கேட்காமலே பின்கதவின் படியில் ஏறிவிட்டது. கூடையின் பிடியில் கையும் வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். காலைக் கீழே இறக்கி, கதவைச் சாத்திவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டியைப் பூட்டாமல் விட்டிருந்தாலும் சாவி முந்தின நாளிலிருந்தே அவளிடம்தான் இருந்தது.

கணவர் ஜன்னலில் குனிந்தார். “என்ன?”

“நான் ஓட்டுறேன். ஆத்துப் பாலம் வரைக்கும்.”

“அப்ப பின்னாடி…”

“பின்னாடி கூடை இருக்கு. கூடைக்கு ரெண்டு பக்கமும் மனுஷங்க இருக்காங்க. நீங்க ஏறுங்க.”

“விளையாடாத. அக்கா என்ன நினைப்பாங்க?”

“அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு அவங்களையே கேளுங்க. நான் கண்ணாடி சரி பண்ணணும்.”

“யாராவது ஓட்டுங்கப்பா,” என்றார் பின்னாலிருந்து மாமனார். “எட்டு மணிக்கு எனக்கு மாத்திரை.”

கணவர் பக்கத்து இருக்கையில் ஏறினார். பெல்ட் போட்டதிலிருந்து அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ‘லாரி, லாரி,’ என்றார். லாரி அரை பர்லாங் தள்ளி, எதிர்த்திசையில், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர் எல்லையில் ஒரு நீர்த்தேக்கம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது போல.

எட்டு மணிக்குக் கூடை வாயைத் திறந்தது.

“அம்மா, என் முட்டை எது?”

“அம்மா, அக்கா என் ரொட்டியைத் தின்னுட்டா!”

“ஏம்மா, இதுல எது வெங்காயம் போடாதது?” நாத்தனார் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார், மோந்து பார்த்தார், மூடினார். அடுத்ததைப் பிரித்தார். “இதுவும் வெங்காயம். நாலாவது பிரிக்கிறேன்!”

“தாத்தா, கடலை கொட்டுது!”

“மாமா,” என்றாள் அவள், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல், “உங்களுக்கு ரொட்டி ரெண்டு, முட்டை ஒண்ணு. எந்தப் பொட்டலத்திலிருந்து எடுத்தாலும் ரொட்டி ரொட்டிதான். அப்புறம் மாத்திரை.”

“இதுல ஒண்ணு இனிப்பு பிஸ்கட் மாதிரி இருக்கே…”

“அது உங்களுக்கு இல்ல.”

பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. சின்னவள் கத்தினாள். கணவர் குரலைத் தணித்துச் சொன்னார்: “இங்க பாரு, ஓரமா நிறுத்து. நீ பின்னாடி போய் எடுத்துக் குடுத்துட்டு வா. அதுவரைக்கும் நான் ஓட்டுறேன். அஞ்சே நிமிஷம்.”

நல்ல யோசனைதான். நிறுத்தினால் எல்லாம் அடங்கிவிடும். எந்த மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று தொட்டாலே அவளுடைய விரல்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்றும் அவளுக்குத் தெரியும்.

“நிறுத்த மாட்டேன்,” என்றாள்.

“அப்ப அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?”

“கையால.”

அவர் வாயைத் திறந்தார். ஒரு பேருந்து தாண்டி வந்து குறுக்கே புகுந்ததால் மூடிக்கொண்டார். இந்த முறை அவருடைய கால் நிஜமாகவே தேவையான நேரத்தில் மிதித்தது. அவளும் அதே நொடியில் மிதித்தாள். வண்டி நின்று நிதானித்து நகர்ந்தது. அதன் பிறகு அவர் லாரிகளை எண்ணவில்லை.

வேறு வழியில்லாமல் நாத்தனார் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு கையால் மாமனாருக்கு முட்டை உரித்தார், மறு கையால் சின்னவளுக்குத் துணி நீட்டினார். பெரியவளுக்கு உப்பு. மறுபடி சின்னவளுக்குத் தண்ணீர். தம்பிக்கு உருளைக்கிழங்கு, அவரும் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, “அக்கா, காரம் இதுல இல்லையே,” என்றார். அப்போதுதான் நாத்தனாரின் குரல் வெடித்தது:

“கொஞ்சம் பொறுங்கடா! எனக்கும் ரெண்டு கைதான் இருக்கு!”

அந்த வாக்கியத்தை அவள் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், மனசுக்குள். வெளியே கேட்பது இதுவே முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். எல்லோரும் இறங்கிக் கால் உதறினார்கள். அவள் இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் பையை எடுத்தாள். ரொட்டியை முழுசாகத் தின்றாள். முட்டையைத் தானே உரித்துத் தானே தின்றாள். யாருக்கும் பாதி கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆறு கீழே பளபளத்துக்கொண்டு ஓடியது.

கணவர் வந்து கையை நீட்டினார். “பாலம் வந்தாச்சு. நல்லாத்தான் ஓட்டின. சாவி குடு.”

“பாலம் வரைக்கும்னு சொன்னது நான்தானே? இப்ப மாத்திச் சொல்றேன். சித்தப்பா வீட்டு வாசல் வரைக்கும்.”

“அதெப்படி…”

அவர் முடிப்பதற்குள் யாரோ அவருடைய நீட்டிய கையில் எதையோ வைத்தார்கள். கனமாக இருந்தது. கூடை. நாத்தனாரின் புடவை முழுக்க ரொட்டித்தூள், ஒரு முட்டை ஓடு கொண்டையில்.

“நடுவில உட்காரு,” என்றார் தம்பியிடம். “எனக்கு இடுப்பு போச்சு. நான் முன்னாடி உட்காரப் போறேன்.” பிறகு அவளைப் பார்த்தார், மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை. “அந்தப் பை… வரும்போதாவது மாட்டிக்கலாமா?”

“வீட்டிலயே விட்டுட்டு வந்துட்டோமே அண்ணி.”

“குப்பையில போட்ட சீட்டுல எனக்கு என்ன எழுதியிருந்த?”

“வெங்காயம் இல்லைன்னு.”

நாத்தனார் ஒரு பெருமூச்சு விட்டுப் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். பின்கண்ணாடியில் கணவரின் முகம் தெரிந்தது. இரண்டு முட்டிகளையும் ஒடுக்கிக்கொண்டு, கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊர்க் கண்ணுக்கெல்லாம் அளவு எடுக்கிறவர் ஒரு பொட்டலத்தை மூக்குக்கு அருகே வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, தண்ணி,” என்றாள் சின்னவள்.

அவள் கண்ணாடியை அவர் முகத்திலிருந்து நகர்த்தி, பின்னால் வரும் சாலைக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.