பத்து மணி வெயிலில் ஒரு மஞ்சள் சுவர்

வீட்டுக்கு நிறம் சொல்லும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. கண் இருக்கிற எல்லோருக்கும் அந்தத் தொழில் தெரியும். பெயின்ட் கடை அட்டையைப் புரட்டிப் புரட்டி வீட்டுக்குள் சண்டை மூண்டவர்களுக்கு இது புரியும். ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் பெரிய மனிதர்களின் வரவேற்பறைக்கு நிறம் தேர்ந்தெடுத்துவிட்டுத் திருவள்ளூருக்குத் திரும்பி, சொந்தமாகத் தொடங்கினேன். சித்திரை வரை என் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகப் பழைய முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் இங்கே தேற வேண்டும். இல்லையென்றால் மறுபடி பெட்டி கட்ட வேண்டும்.

சாம்பல்

முதல் வீடு கும்மிடிப்பூண்டியில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுபவர். கூடம் முழுக்க வெளிர்சாம்பல், ஒரு சுவர் மட்டும் அடர்சாம்பல் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினேன். ஷார்ஜாவில் இதற்குக் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். இவர் எழுந்துபோய் ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்து, கருத்த விரலை என் முன்னால் நீட்டினார்.

"இன்னா சார், இதைப் போய் காசு குடுத்து அடிப்பாங்களா? ஜன்னலைத் தொறந்து வச்சா சும்மாவே வருது."

நீலம்

அடுத்தது பழவேற்காட்டில், ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். இடத்துக்கு ஏற்றபடி யோசித்த பெருமையோடு, நீலமும் பச்சையும் அலை அலையாக ஓடும் ஒரு சுவரைக் காட்டினேன். வீட்டுக்கார அம்மாவுக்குப் பிடித்திருந்தது. அவர் கணவர் அப்போதுதான் படகிலிருந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நாள் பூரா தண்ணியையே பாத்துக்கினு ஊடு வர்றேன். இங்கயும் தண்ணியா நைனா? ரோஸ் அடி."

மஞ்சள்

ரோஸ் என்று அவரே சொல்லிவிட்ட பிறகு நான் எதற்கு?

மூன்றாவதாகக் கிடைத்தவர் செல்வம். கடம்பத்தூரில் புது வீடு. காக்களூரில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் வேலை. படுக்கையறைக்கு இளமஞ்சளும், கால்மாட்டுச் சுவரில் வெள்ளைக் கோடுகளும் சொன்னேன். பெயின்டர் ஏழுமலை இரண்டு நாள் டேப் ஒட்டி ஒட்டிக் கோடு போட்டார். செல்வமும் அவர் மனைவி கலாவும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். தேறிவிட்டேன் என்று நினைத்தேன். அவருக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட்தான் என்பதை நான் கேட்கவே இல்லை. பத்து நாளில் செல்வம் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பகல்ல தூக்கமே இல்ல சார். கண்ண மூடினாலும் வெளிச்சம் உள்ள வருது. மிஷின்ல தகடு வைக்கும்போதே சொக்குது. கை வைக்கிற எடம் சார் அது."

பாசிப்பச்சை

அவரை மூன்று நாள் லீவு போடச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கட்டிலில் நானே படுத்துப் பார்த்தேன். கிழக்கு ஜன்னல். சுவர் முழுக்க விளக்குப் போட்டதுபோல் இருந்தது. கோடுகள் கண்ணுக்குள் ஊர்ந்தன. சாயங்காலத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த அறை அது. நிறம் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டில் யார், எந்நேரம் கண்ணை மூடுகிறார் என்று கேட்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை.

நாலு சுவருக்கும் கூரைக்கும் மினுங்காத பாசிப்பச்சை, ஜன்னலுக்குக் கனத்த திரை. தான் போட்ட கோடுகள் மேலேயே ரோலரை ஓட்ட ஏழுமலைக்கு மனசு வரவில்லை.

"ரூம் மாதிரியா கீது? கொகை மாதிரி கீது சார்."

ஆறரை மணி

ஒரு வாரம் செல்வத்திடமிருந்து பேச்சில்லை. ஷார்ஜாவிலிருந்துதான் செய்தி வந்தது, எப்போது வருகிறாய் என்று. கடம்பத்தூர் பற்றித் தெரியாமல் பதில் எழுதக் கை வரவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் ஆறரைக்குக் கலாவின் போன்.

"அண்ணா, நாஷ்டாவுக்கு எழுப்புனேன், சோத்துக்கு எழுப்புனேன், மனுசன் அசையல. கம்பெனி வண்டி வர்ற நேரம் ஆவுது. வந்து வேற எதனா கலர் அடிச்சி எழுப்பிவுடுங்க."

அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள் என்று அன்றைக்கே ஷார்ஜாவுக்கு எழுதிவிட்டேன். ராத்திரி வேலைக்குப் போகும் ஊரைத் தூங்க வைத்துப் பிழைக்கவும் ஒரு தொழில் இருக்கிறது என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.