சாமி நின்ற தூண்

வேன் வாங்கினோம், அது வீட்டுக்குள் நுழையவில்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வாங்கும் முன் அளந்து பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். அளந்தேன் ஐயா. நீளத்தை அளந்தேன், உயரத்தை அளந்தேன். வீட்டு முன்னால் காடி நிறுத்தும் போர்ச்சின் வாயில் இரண்டு தூண்கள். அவற்றுக்கு நடுவே எங்கள் சின்னக் காடி இத்தனை வருஷம் போய் வந்துகொண்டிருந்ததால் அகலம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. போதுமா?

வேன் ஆசைக்கு வாங்கியதல்ல. என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் வியாதி. முதலில் சிறுநீரகம் போனது, பிறகு வலது கால் முட்டிக்குக் கீழே போனது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவரைத் தூக்கிக் காடியில் உட்கார வைத்து என் இடுப்பு விட்டுப் போயிற்று. இந்தப் பழைய வேனில் பக்கக் கதவைத் தள்ளினால் ஒரு பலகை இறங்கும். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் எங்கே வைத்து இறக்குவது? நடு ரோட்டில்.

ஸ்கூடாயில் எங்கள் குடியிருப்புத் தாமானில் ரோடு அகலம் கம்மி. பாதி வீடுகளில் யுனிவர்சிட்டி பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் காடிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கும். நான் வேனை நிறுத்திக் கதவைத் தள்ளுவதற்குள் பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். டயாலிசிஸ் முடிந்து திரும்பும் நேரமும் சாயங்கால மழை வரும் நேரமும் ஒன்று. ஒரு கையில் குடை, ஒரு கையில் நாற்காலி. மடியில் போட்ட போர்வை நனைந்து, கால் இல்லாத இடம் அப்படியே ஒட்டிக்கொண்டு தெரியும். உதவிக்கு ஓடி வருகிற நல்லவர்கள் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

ஒரு நாள் உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"இனிமே நான் போகல."

"எங்க?"

"ரத்தம் கழுவ. ரோட்டுல வச்சு மீன் கூட மாரி எறக்குற. ஊரே பாக்குது. போதும்."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை நிஜமாகவே கிளம்பவில்லை. மறுநாள் முகம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. திட்டினேன், அழுதேன், கடைசியில் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய் ஏற்றினேன். போகும் வழியில் சொன்னேன்: "வாசல அகலமாக்குறேன். வேன் உள்ள வரும். அதுவரைக்கும் போங்க."

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தீபாவளி வரைக்கும் பாக்குறேன்," என்றார்.

அவர் வார்த்தை மாறுகிற ஆள் இல்லை. நல்லதற்கும் அப்படித்தான், கெட்டதற்கும் அப்படித்தான். தீபாவளிக்குள் வாசல் அகலமாகவில்லை என்றால் இவர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார், அசையாவிட்டால் உயிர் தங்காது. என் கணக்கு அவ்வளவுதான்.

மறுநாளே குலாயில் இருந்து தெரிந்த கொந்த்ராக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் வலப்பக்கத் தூண் முன்னால் நின்று கும்பிட்டார். அது ஆள் கட்டிப் பிடிக்க முடியாத தடிமன், சிவப்பு டைல்ஸ் ஒட்டியது, நெஞ்சு உயரத்தில் மாடம், மாடத்துக்குள் முனீஸ்வரர். நாங்கள் வைத்ததல்ல. முன்பு இருந்த தமிழ்க் குடும்பம் கட்டியது. வீட்டோடு சாமியும் வந்தது. இவர் கால் இருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றினார், அதற்குப் பிறகு கை எட்டவில்லை என்று நான் ஏற்றினேன். இடப்பக்கத் தூண் ஒல்லி. வெறும் சிமெண்ட், வெள்ளைச் சாயம், யாரும் திரும்பிப் பார்க்காதது.

"இது சாமி தூணுக்கா, இதுமேல கை வைக்கமாட்டேன்," என்றார் கொந்த்ராக்டர். "அந்த ஒல்லித் தூண அடிச்சிரலாம். ரெண்டு நாள் வேல."

"கூரை?"

"தடியா இருக்கறதுதானக்கா தாங்குது. அது சும்மா அழகுக்கு வச்சது."

"பெர்மிட்?"

"அலமாக், அதெல்லாம் எதுக்குக்கா? இந்தத் தாமான்ல யாரு எடுத்தா? சுசா லா, வெறும் அலச்சல்."

பத்து பாகாட்டில் இருக்கும் என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, போனிலேயே அதை ஒப்புக்கொண்டார். சாமி இருக்கிற தூண்தான் வீட்டைத் தாங்கும் என்றார். இவரும் தலையாட்டினார். நானும் ஆட்டியிருப்பேன். ஆனால் எங்களுக்குப் பின் வரிசையில் ஒரு வீடு இருக்கிறது. போர்ச் உத்திரம் நடுவில் தொய்ந்து விரிசல் விட்டு, இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் காடி வெளியேதான் நிற்கிறது. அன்று சாயங்காலம் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். அங்கேயும் தடித் தூணில் சாமி. அங்கேயும் ஒல்லித் தூணைத்தான் எடுத்திருந்தார்கள்.

"அது மட்டமான சிமெண்டுக்கா," என்றார் கொந்த்ராக்டர், அதைச் சொன்னதற்கு.

நான் ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்தவள். மெஷின் கோளாறு என்று ஒருவன் சொன்னால் மெஷினை நானே திறந்து பார்ப்பேன். மஜ்லிஸ் என்கிற நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வீட்டு முகப்பில் கை வைப்பதென்றால் பிளான் வேண்டும், லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் தர வேண்டும் என்றார்கள். ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள்: பேசாமல் அடித்துவிடு, கேட்டால் அப்புறம் பார்க்கலாம். அப்புறம் எப்படிப் பார்ப்பது? யாராவது புகார் கொடுத்து வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டால், வாசல் முழுக்க இடிந்த கல். அதற்கு மேலே நாற்காலியை யார் தள்ளுவார்? புத்தி சொன்னவர்களா வருவார்கள்?

பக்கத்து வீட்டுச் சீனர் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மஜ்லிஸ்தான் இழுத்தடித்தது. இது இல்லை, அது இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நானும் திரும்பப் போய்க்கொண்டே இருந்தேன். கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விடுகிற அளவுக்கு வந்துவிட்டார். விடட்டும், மூச்சு விடுவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லையே.

இன்ஜினியர் ஒரு மலாய்க்காரப் பெண். முக்காடு, அதற்கு மேல் ஹெல்மெட். அவர் வந்தபோது கொந்த்ராக்டரும் இருந்தார். அந்தப் பெண் மாடத்துக்கு முன்னால் பூட்ஸைக் கழற்றினார். "தொடலாமா காக்?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார். தொடுங்கள் என்றேன். ஏணியில் ஏறி சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்தார். தூண் உச்சியில் சுத்தியலால் தட்டிப் பூச்சை உதிர்த்தார். பிறகு இறங்கி வந்து, நீங்களே ஏறிப் பாருங்கள் என்றார்.

"விழுந்து வைக்காத," என்று கீழேயிருந்து இவர் கத்தினார். ஏறினேன். அத்தனை தடித் தூணுக்கும் மேலே உத்திரத்துக்கும் நடுவே என் விரல் போனது. ஒட்டவே இல்லை. வெறும் செங்கல்லை அடுக்கி, இடைவெளியைப் பூச்சால் மூடி, டைல்ஸ் ஒட்டி வைத்திருக்கிறார்கள். உத்திரத்தின் ஒரு முனை வலப்பக்கச் சுவருக்குள் இருக்கும் தூணில் உட்கார்ந்திருக்கிறது, இன்னொரு முனை அந்த ஒல்லியின் தலையில். அதற்குள்தான் கம்பி ஓடுகிறது. அதை எடுத்திருந்தால் கூரை வேன் மேல் உட்கார்ந்திருக்கும் என்றார் அந்தப் பெண். வேனுக்குள் யார் இருந்திருப்பார் என்று நான் வாய் திறந்து கேட்கவில்லை. கொந்த்ராக்டர் மூஞ்சி வெளுத்துப்போய் நின்றார்.

எடுக்கப் போவது சாமி தூணைத்தான் என்று போனில் கேட்டதும் அடுத்த பஸ்ஸிலேயே நாத்தனார் வந்து இறங்கினார். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"வாசல்ல இருக்கற சாமிய அசச்சா வீட்டு ஆம்பளைக்கு ஆகாது. தெரியுமா ஒனக்கு?"

இவர் பக்கத்தில்தான் இருந்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"கால் போனப்ப சாமி அசையாமத்தான அண்ணி இருந்துச்சு?"

"பேசற பேச்சப் பாரு. கோயில்ல பூ கட்டிப் போட்டாவது உத்தரவு கேளு."

"கேக்கமாட்டேன். வேணாம்னு வந்தா என்ன பண்றது? இவர ரோட்டுலயே போட்டுரவா? உத்தரவு வந்தாலும் எடுப்பேன், வராட்டியும் எடுப்பேன்."

அவர் அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. வெளியே போய் மாடத்துக்கு முன்னால் நின்றேன். நீ காவல்காரன்தானே என்று சாமியிடம் கேட்டேன். வீட்டுக்காரன் மழையில் நனைகிறான், நீ கூரைக்குக் கீழே நின்று வேடிக்கை பார்க்கிறாய். உனக்கே இது நல்லா இருக்கா? கோபம் வந்தால் என் மேல் வரட்டும், என் இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. இதைச் சத்தமாகவே சொன்னேன். எதிர்வீட்டு மாணவன் மோட்டாரைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பெர்மிட் வந்தது. பூசாரியை அழைத்துக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டி, முறையாகத்தான் சாமியை எடுத்தோம். தாம்பாளத்தில் வைத்து ஹாலில், இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருத்தினோம். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் தயாரான பிறகும் கொந்த்ராக்டர் சுத்தியலைத் தூக்கவில்லை.

"மொத அடி நீங்க போடுங்கக்கா."

வாங்கிப் போட்டேன். ஒரு டைல்ஸ் உடைந்து விழுந்தது, வாயெல்லாம் தூசி. இன்னொன்றும் போட்டேன், அது அவர் கேட்காதது. கூரை அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் ஆட்கள் அருகில் வந்தார்கள். தூண் போனதும் கேட்டையும் அகலமாக்கினோம்.

புது மாடத்தை வலப்பக்கச் சுவரில் வைப்பதாக முடிவு செய்திருந்தோம். எவ்வளவு உயரம் என்று கேட்டார் கொந்த்ராக்டர். இவரைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், "கைய நீட்டுங்க," என்றேன். விரல் தொட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது மழை கொட்டியது. இரண்டு பக்கமும் கண்ணாடி இடிக்காமல் வேன் உள்ளே போனது. கேட்டைச் சாத்தினேன். கதவைத் தள்ளிப் பலகையை இறக்கினேன். ஒரு சொட்டு மழை அவர் மேல் படவில்லை, ஒரு கண் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலிச் சக்கரத்தை அவரே உருட்டிக்கொண்டு மாடத்துக்குப் போனார். தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி விளக்கேற்றினார்.

பண்டிகைக்கு வந்திருந்த நாத்தனார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சாமிய இவ்வளவு தாழ வைக்கலாமாடா?" என்றார்.

"எனக்கு எட்டுதுக்கா," என்றார் இவர், திரும்பாமல்.

பிறகு தீக்குச்சியை உதறி அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த தடவ எப்பக் கெளம்பணும்?"

இத்தனை மாதத்தில் அவராக ஒரு நாளும் கேட்டதில்லை. திரும்பி வேன் பலகையை மடக்கினேன். காட்டிக்கொள்வேனா நான்?

"எப்பவும் போலத்தான்," என்றேன். "லேட்டாக்குனீங்கன்னா விட்டுட்டுப் போயிருவேன்."