காதால் காய்ச்சிய எண்ணெய்

கோட்டாற்றில் கதீஜா உம்மாள் காய்ச்சும் தலையெண்ணெயைத் தடவினால் சீப்புக்கே முடி முளைக்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூடுதல். ஆனால் பரணிச் சாடியில் ஒரு வருடம் கிடந்தாலும் அது காறி நாறாது என்பது நிஜம்.

காரணம் அவள் காது. உருளியில் தேங்காயெண்ணெயை ஊற்றி, கற்றாழையும் செம்பருத்தி இலையும் சின்ன உள்ளியும் அரைத்துப் போட்டால், அந்த ஈரம் சடசடவென்று பொரியும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் குறையும். முழுக்க அடங்கியதும் இறக்க வேண்டும். முந்தினால் ஈரம் தங்கி எண்ணெய் கெடும், பிந்தினால் கருகும். கதீஜா அடுப்புக்கு முதுகைக் காட்டி மீன் அறுத்துக்கொண்டே சரியான நேரத்தில் எழுந்துவருவாள். இருபது வருடம் அப்படித்தான்.

மலையாளக் கணக்கில் கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு கார்த்திகையில், கடற்கரையிலிருந்து மரியான், அவளிடம் வாங்கிப்போன எண்ணெய்க் குப்பியோடு வந்தான். தை மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். உப்புக்காற்றில் சடைபிடித்த முடியை அதற்குள் தேற்றியெடுக்க வேண்டும்.

"உம்மா, இது எண்ணெயா, மீன் ஊறின வெள்ளமா? இதைத் தேச்சதுல இருந்து ஊர்ப் பூனையெல்லாம் மகளுக்க பொறத்தால போவுது."

"சுறா எண்ணெய் இருந்த குப்பியில ஊத்தியிருப்ப மக்கா."

"உங்க பரணியையும் மோந்து பாருங்க."

மோந்தாள். காறல்தான்.

கொப்பரை மழையில் நனைந்திருக்கும் என்று செக்குக்காரனைத் திட்டினாள். தேங்காயெண்ணெயை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறினாள். முடிக்குக் கனம்தான், ஆனால் சீக்கிரம் காறாது. பரணியையும் விடவில்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவி, ரெண்டு நாள் வெயிலில் கவிழ்த்து, வாயைத் துணியால் கட்டினாள். பன்னிரண்டாம் நாள் அதுவும் நாறியது.

"ரெண்டு சொட்டு அத்தர விடு. கல்யாணம் கழியது வரைக்கும் மணக்கும்" என்றார் அவள் புருஷன் முகம்மது ஹனீபா.

"மணம் மூக்குக்கு. கெட்டது அந்தப் பிள்ளைக்க தலைக்கில்லா போவும்" என்று கதீஜா முழுவதையும் தென்னைமரத்து மூட்டில் கொட்டினாள்.

மரியான் மூன்றாம் தடவையும் வந்தான். "இது ஒரு தடவை பாப்போம் உம்மா. இதும் கெட்டா கடையில குப்பி எண்ணெய் வாங்கிக்கிடுவேன்." அவன் ஒருவன் போனால் கடற்கரை மொத்தமும் பின்னாலேயே போகும். அது அவளுக்குத் தெரியும்.

இம்முறை ஆரல்வாய்மொழி வெயிலில் காய்ந்த கொப்பரையாகத் தேடி வாங்கி ஆட்டி, எண்ணெயை அடுப்பில் ஏற்றினாள். உருளியை இறக்கக் கை வைத்தபோது, முற்றத்தில் கட்டில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த ஹனீபா கேட்டார்:

"ஏட்டி, ஏன் இறக்குத? பொரிச்சல் இன்னும் நிக்கல்லியே."

"அது நின்னு எம்புட்டு நேரமாச்சு."

"எனக்கு இங்க முற்றத்துல கேக்குது."

கதீஜா குனிந்து உருளியைப் பார்த்தாள். குமிழிகள் துள்ளிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. காதை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கொப்பரையை, செக்கை, மழையை, பரணியை எல்லாம் குற்றம் சொல்லியாகிவிட்டது. காதைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அது எப்போது, எந்த மாதம், ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியது?

அவள் உருளியைத் தொடவில்லை. தீயைக் கொஞ்சம் தணித்து, குமிழி அடங்கும்வரை பார்த்திருந்தாள். கேலி செய்யாவிட்டால் சோறு செரிக்காத ஹனீபா அன்று கயிற்றை மட்டுமே முறுக்கினார்.

மரியான் வந்தபோது எண்ணெயை ஊற்றிக்கொடுக்காமல், அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"எனக்குச் செவி மந்தமாயிட்டு மக்கா. அதுதான் ரெண்டு தடவையும் பச்சையா இறக்கிட்டேன். கொப்பரையில குத்தம் இல்ல. உனக்க குப்பியிலயும் இல்ல." பழந்துணித் திரி ஒன்றை எண்ணெயில் முக்கி அவனிடம் நீட்டினாள். "கொளுத்திப் பாரு. ஈரம் கெடந்தா வெடிக்கும்."

மரியான் கொளுத்தினான். சுடர் அசையாமல் நின்றது. கதீஜா சுடரைப் பார்த்தாள்; அது போதாமல் அவன் முகத்தையும் பார்த்தாள்.

"சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல்ல உம்மா."

"எனக்கும் கேக்கல்ல" என்றாள்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மரியான் திரியை ஊதி அணைத்தான். அவள் முந்திக்கொண்டு சிரித்தாள். அவன் குப்பியின் மூடியைத் திறந்து பிடித்தான்.