சோளச் சக்கை தின்ற கெண்டைகள்

மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து, பெட்ரோலில் கலக்க எத்தனால் எடுத்த பிறகு ஆலையில் மிஞ்சுகிற காய்ந்த சக்கையைத்தான் என் மீன்களுக்குப் போட்டேன். கறம்பக்குடிப் பக்கம் விஷயம் தெரிந்த அன்றே 'சாராயச் சக்கைக்காரி' என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தால் வைக்கட்டும். கடலைப் பிண்ணாக்கு விற்கிற விலைக்கு மீனை வயிறார வளர்த்துவிட்டு நான் பட்டினி கிடக்க முடியாது.

குட்டை இருந்த நிலம் எனக்கும் அண்ணனுக்கும் பொது. இந்த வருடமும் மீன் தேறாவிட்டால் அதை மூடிவிட்டுத் தைலமரம் வைப்பது என்று அவர் முடிவாகச் சொல்லியிருந்தார். சுற்றிலும் தைலமரக் காடுதான். எனக்கென்று இருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

முதலில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுத் தொட்டியில் தவிடு கொட்டிப் பழகிய கை. அதே கணக்கில் சக்கையைக் குட்டையில் கொட்டினேன். தின்றது போக மிச்சம் அடியில் அழுகி, தண்ணீரில் மூச்சுக்காற்று இல்லாமல் போய்விட்டது. ஒரு நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், கெண்டைகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கரையில் கூடியவர்கள் சிரித்தார்கள்.

"மீனுக்கெல்லாம் மப்பு ஏறிருச்சு. பேசாம மூடிருவோம் ஆத்தா" என்றார் அண்ணன்.

"ஒங்க தைலமரம் நெலத்துத் தண்ணியக் குடிக்கிறத விடவா எம் மீனு குடிச்சிருச்சு? அங்கிட்டுப் போங்கண்ணே."

மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். செத்தது கொஞ்சம், பிழைத்தது நிறைய. அதன்பிறகு சக்கையைத் தவிட்டோடும் கொஞ்சம் பிண்ணாக்கோடும் பிசைந்து, ஓட்டை போட்ட உரச் சாக்கில் கட்டி, கழியில் தொங்கவிட்டேன். மீன்கள் முட்டி முட்டித் தின்றன. மாலையில் சாக்கைத் தூக்கிப் பார்ப்பேன். மிச்சம் கனத்தால் மறுநாள் அளவைக் குறைப்பேன்.

வலை இழுத்த அன்று வாங்க வந்தவர்கள் மீனைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கரையிலேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தேன்.

"மொதல்ல தின்னு பாருங்க. அப்பறமா மோந்து பாருங்க."

சட்டி காலியானது. மதியத்துக்குள் மீனும் காலி. அண்ணன் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுவாரம் வாசலில் பொக்லைன் வந்து நின்றது. குட்டையை மூட அவர் முன்கூட்டியே சொல்லிவைத்த வண்டி. வேண்டாமென்று சொல்ல மறந்துவிட்டாராம். தலையைச் சொறிந்தார். வந்த வண்டியை எதற்குச் சும்மா அனுப்ப வேண்டும்? தைலங்கன்று வைக்க அவர் உழுதுபோட்டிருந்த இடத்துக்கு ஓட்டுநரைக் கூட்டிப்போனேன்.

"இங்கிட்டு வெட்டுங்க. நல்லா ஆழமா."