அண்ணனின் கையும் எழுநூற்றிருபதும்

பாடியில் அண்ணன் வேலை பார்க்கும் பட்டறையில், தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. விரல்கள் தப்பிவிட்டன, ஆனால் கட்டைவிரல் விறைத்துப்போனது. தினமும் அசைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அவன் அதைத் தொடவே இல்லை. மறுபடி மிஷினில் நிற்பானா என்று அவனிடம் கேட்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனாம்பேட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய், அவனை வண்டியில் ஏற்றி அயனம்பாக்கத்தில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிவந்தேன். சின்ன வயதில் கேசட் செருகி ஆடுகிற வீடியோ கேமில் அவனை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடுகிற ஒரு ஆட்டம். அதற்கு எல்லாமே கட்டைவிரல்தான். அந்தப் பழைய ஆட்டங்களை ஓட்டுவதற்கென்றே, சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி டிவியில் மாட்டியிருந்தேன். பந்தை அமுக்காதவன் பட்டனையாவது அமுக்குவான் என்று நினைத்தேன்.

என்ன ரெசல்யூஷன் என்று செட்டிங்கில் கேட்டது. இருப்பதிலேயே பெரிதான ஃபோர்கேயைத் தட்டினேன். டிவி ஃபோர்கே, பிறகு எதற்குக் குறைக்க வேண்டும்? படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. எங்கள் குடும்பத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால், பாதி டிவியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி ரிமோட்டைத் தேடுவோம். நானும் படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பினேன்.

அண்ணன் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். திரும்ப ஆரம்பித்தான், திரும்ப விழுந்தான். பத்துத் தடவையாவது இருக்கும். பிறகு கண்ட்ரோலரை சோபாவில் வைத்துவிட்டான்.

"கை பூட்ச்சும்மா. இத்தயே தாண்ட முடியல, மிஷினாண்ட போய் இன்னா பண்ணப்போறேன்?"

பந்தோடு விட்டிருந்தால் கை சரியாகிவிடுமோ என்று அவனுக்கு ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். அதையும் நானே கெடுத்துவிட்டேன். அழுகை வந்தால் கோபப்படுவது என் வழக்கம். கண்ட்ரோலரை எடுத்து நானே ஆடினேன். நானும் விழுந்தேன். அதில் ஆச்சரியமில்லை, நான் அன்றைக்கும் விழுந்தவள்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். நான் பட்டனை அமுக்கி, மனசுக்குள் ஒரு 'ம்' சொன்ன பிறகுதான் பொம்மை எழும்பியது.

அவன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போனில் தேடிப் படித்தேன். பழைய ஆட்டத்தின் படத்துக்கு மொத்தமே இருநூற்று நாற்பது கோடுகள்தான். மூன்றால் பெருக்கினால் சரியாக எழுநூற்றிருபது, செட்டிங்கில் அந்த அளவும் இருந்தது. அதை விட்டுவிட்டு நான் ஃபோர்கே கேட்டதில் குட்டிக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. அது அனுப்பியதை டிவி வேறு தன் பங்குக்கு மெருகேற்றி, இன்னும் தாமதமாகக் காட்டியிருக்கிறது. எழுநூற்றிருபதுக்கு இறக்கினேன். டிவியில், மெருகேற்றாமல் உடனே காட்டுகிற கேம் மோடைப் போட்டேன். இழுத்த படத்தையும் பழைய அளவுக்கே விட்டேன்.

"இன்னாம்மா, ரெண்டு பக்கமும் கறுப்பா கீது?"

"இருக்கட்டும். தப்பு உன் கையில இல்லண்ணா, நான் வெச்ச செட்டிங்லதான். ஒரே ஒரு வாட்டி ஆடு."

"என்னை சமாதானம் பண்றதுக்கு சொல்ற."

"உன்னை என்னிக்கு நான் சமாதானம் பண்ணியிருக்கேன்?"

அது அவனுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். கண்ட்ரோலரை எடுத்தான்.

முதல் பள்ளத்தைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். ஐந்தாவது வரைக்கும் போனான். ஆறாவது கொஞ்சம் அகலமானது. அதில் விழுந்தான்.

போச்சு என்று நினைத்தேன். டிவியைத் திட்டலாமா என்றுகூடத் தோன்றியது. அண்ணன் தன் கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

"இது டிவி இல்லம்மா, நான்தான். கொஞ்சூண்டு லேட்டா அமுக்கிட்டேன்" என்றான். "கொஞ்சூண்டுதான். புட்ச்சிடலாம்."