ஆக்னஸ் வீட்டு கீசர்

இஞ்ஞாசிக்கு வாயை விடக் கை முந்தும். துறைமுகக் குடியிருப்பில் வெந்நீர் கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் பிழைப்பு. 1976-ல் ஓர் அதிகாரி வீட்டுச் சமையல்காரன், கீசரின் வால்வுக் குழாய் சொட்டுகிறதே என்று துணியைச் சுருட்டி அடைத்துவிட்டான். இஞ்ஞாசி காரணம் சொல்லவில்லை. கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தான். உள்ளே சூடு மிஞ்சினால் அழுத்தம் வெளியேற அந்த வால்வு ஒன்றுதான் வழி, சொட்டுவதுதான் அதன் வேலை. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் பாவி இஞ்ஞாசியிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

அவன் தங்கை ஆக்னஸுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் நல்ல வெந்நீரில்தான் குளிக்க வேண்டும். விறகுப் புகையில் அவள் இருமுவதைப் பார்த்துவிட்டு, குடியிருப்பில் கழற்றிப் போட்ட பழைய கீசர் ஒன்றைக் கொண்டுவந்து அவள் குளியலறையில் மாட்டினான். சூடேறியதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் சில நேரம் சிக்கிக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். வால்வுதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

ஆக்னஸின் கணவன் மனுவேலுக்குத் தோணியில் கலப்பற்று வேலை. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் பூசி, கடல் உள்ளே வராமல் அடைப்பவன். எங்கே ஒழுகினாலும் அவனுக்குச் சோறு இறங்காது.

"மச்சான், இது ஒழுகுதுல்லா?" என்று கேட்டான்.

"அதுல கைய வச்சே, கைய முறிச்சிருவேன்" என்றான் இஞ்ஞாசி. சொன்னது அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காலை இஞ்ஞாசி பிள்ளையைப் பார்க்க வந்தான். பிள்ளை உள்ளறைத் தூளியில் தூங்கியது. ஆக்னஸ் குளியலறைக்குள் இருந்தாள். வெளிச்சுவரில் வால்வுக் குழாயின் அடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் மண் காய்ந்து கிடந்தது. குழாய் நுனியில் பஞ்சும் குங்கிலியமும். சுவரில் கை வைத்தான். அது அதிர்ந்தது.

கதவைத் தோளால் இடித்து உடைத்தான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த தங்கையின் முடியைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் அலறினாள். "வெளிய வா ஏளா!" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அலறல் கேட்டு ஓடிவந்த மனுவேல் பார்த்தது, தன் மனைவியை ஒருவன் மண்ணில் இழுத்துப் போவதை.

"பச்ச ஒடம்புக்காரியவாலே அடிக்க!"

கையிலிருந்த கொட்டாப்புளியை, அந்தக் கனத்த மரச் சுத்தியலை, இஞ்ஞாசியின் இடது காதில் இறக்கினான். ரத்தம் கழுத்தில் வழிந்தது. மண்டியிட்டு விழுந்தும் இஞ்ஞாசி முடியை விடவில்லை. இன்னும் நாலடி இழுத்தான். மனுவேல் மறுபடி ஓங்கியபோது கீசர் வெடித்தது.

ஓடுகள் தெருவில் போய் விழுந்தன. ஆக்னஸ் நின்றிருந்த இடத்தில் சுவரே இல்லை, நீராவிதான் இருந்தது. உள்ளறையில் பிள்ளை வீறிட்டது. இஞ்ஞாசி எழுந்துபோய் மனுவேலின் வாயில் குத்தினான். பல் தெறித்தது. மறுபடி குத்தினான். மனுவேல் கையைத் தூக்கவே இல்லை.

ஆக்னஸ்தான் நடுவில் வந்து விழுந்தாள்.

"ரெண்டு பேரும் சேந்துதான என்னயக் கொல்லப் பாத்திய? அவரு அடச்சாரு. ஏன் அடைக்கக் கூடாதுன்னு நீ ஒரு வார்த்த சொன்னியா, அண்ணே?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவமானத்தில் அவன் அழுதான்.

இடது காது அதன்பிறகு கேட்கவில்லை. வெடிச் சத்தத்தில் போய்விட்டது என்றே ஊரெல்லாம் சொல்லிவைத்தான். இப்போதெல்லாம் கீசர் மாட்டும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, வால்வு ஏன் சொட்டுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். மனுவேல் அவனோடு பேச வந்தால், வலது பக்கமாகப் போய்த்தான் உட்காருவான்.